மஞ்சள் நோட்டீஸ்

மகன் ஆதிலுக்குப் பார்த்திருக்கும் பெண்ணின் வாப்பா, எப்போதோ கடன் கட்ட முடியாமல் கோர்ட்டில் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தவராம். யாரோ காதில் போட்டுவிட்டார்கள். உண்மையானால் சம்பந்தமே வேண்டாம் என்று சீனி முகம்மது ராமநாதபுரம் வந்தார்.

கோர்ட்டில், எதிரே இருக்கும் கம்ப்யூட்டர் சென்டரைக் கைகாட்டினார்கள்.

"பேரைப் போட்டா வந்துரும், சாச்சா. யாரு பேரு?" என்றாள் அங்கிருந்த பெண்.

"ஹமீது சுல்தான், தேவிபட்டினம். எங்க ஆதிலுக்குப் பொண்ணு பேசுற எடம்."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். பிறகு மாவட்டம், நீதிமன்றம் எல்லாம் தேர்ந்தெடுத்து, கேட்காமலே முன்னெழுத்தும் சேர்த்துப் பெயரைத் தட்டினாள். சுல்தானை இங்கிலீஷில் எப்படியெல்லாம் எழுதலாமோ அப்படியெல்லாம் எழுதித் தேடினாள்.

"முடிஞ்சுபோன வழக்கையும் பாரு தாயி."

"வருச வாரியாப் பாத்துட்டேன். திவால் மனு ஒண்ணுமே இல்ல, சாச்சா."

"அல்ஹம்துலில்லாஹ்! பொண்ணை எங்க வீட்டுப் பொம்பளைக பாத்துட்டு வந்து ஆகா ஓகோங்குறாக. ஆம்பளைக பாக்குற வழக்கம் இல்லையே, இதையாவது பாப்போம்னு வந்தேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் போயிரும். யாருட்டயும் சொல்லிறாத."

"சொல்லமாட்டேன். சீனி முகம்மதுங்கிற பேருலயும் ஒண்ணும் இல்ல. போன வாரமே தேடிட்டேன்."

"எம் பேரை நான் சொல்லவே இல்லையே தாயி?"

அவள் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எங்க வாப்பாதான் தேடச் சொன்னாங்க, மாமா. நீங்களும் மாப்பிள்ளை வீட்டுல சொல்லிறாதீங்க."