பால் கொடுத்தவள்

“கைக்குழந்தையைப் போட்டுட்டுத் தீப்பெட்டி கம்பெனிக்கு ஓடினவதானே நீ? புள்ளை அருமை உனக்கு இன்னா தெரியும்? என் லியாகத்தை நான் பால் குடுத்து வளர்த்தேன்.”

காத்தூன் பீவி இதைச் சொல்லாத பெருநாள் கிடையாது. ரஹீமுன்னிசா ஒரு பெருநாளும் பதில் சொன்னதில்லை. மகள் ஜன்னத்துக்கு அம்மாவின் அந்த மௌனம்தான் பிடிக்காது.

ரங்கூனில் குண்டு விழுந்தபோது, மாமி காத்தூனும் அம்மாவும் ஆளுக்கொரு கைக்குழந்தையோடு கப்பலில் வந்தவர்கள். ஆண்கள் காட்டுவழியே நடந்தார்கள். மாமா மதார் சாகிப் வந்து சேர்ந்தார். ஜன்னத்தின் அத்தா வரவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்குத் திருவொற்றியூரில் வேலை. ராயபுரத்தில் மாமா வீட்டுப் பின்கட்டில் வாசம்.

அந்த ஞாயிறு மாமா, அம்மாவையும் ஜன்னத்தையும் கூப்பிட்டனுப்பினார்.

“ரஹீமா, லியாகத்துக்கு ஜன்னத்தை முடிச்சிடலாம். அத்தை மகள். யாரையும் கேக்க வேண்டியதில்லை.”

அவர் தம் மனைவியையும் கேட்டிருக்கவில்லை.

“வேணாம் அண்ணே.”

“ஏன்?”

“வேணாம்.”

“காரணத்தைச் சொல்லு.”

அம்மா மாமியைப் பார்த்தாள். மாமி வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள், தடவின இடத்திலேயே.

“கம்பெனிச் சம்பளம் பேசுது! வர்ற வெள்ளிக்கிழமை நிக்காஹ். இஷ்டமில்லேன்னா பின்கட்டைக் காலி பண்ணு. இன்னா காத்தூன், நான் சொல்றது?”

மாமி வெற்றிலையைக் கீழே வைத்தாள்.

“இந்த நிக்காஹ் கூடாதுங்க. ஹராம்.”

“இன்னாது?”

“நீங்க அப்போ நடந்து வந்துகினு இருந்தீங்க, உங்களுக்குத் தெரியாது. கப்பல்ல இவளுக்குப் பால் வத்திப்போச்சு. புள்ளை கத்துது. நான்தான் ஜன்னத்துக்கும் சேர்த்துக் குடுத்தேன். ஒரே தாய்ப்பால் குடிச்சதுங்க, கூடப் பொறந்த மாதிரியில்ல?”

மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இத்தனை வருஷமா வாயைத் திறக்கலையே காத்தூன்! அப்போ ஜன்னத் என் மக. என் மகளை யாரு வூட்டைவிட்டு அனுப்புவா?” அம்மா பக்கம் திரும்பினார். “நன்றிகெட்டவளே, இதையா மறைச்சே?”

“தப்புதான் அண்ணே. மதினிக்குப் பெரிய மனசு.”

பின்கட்டுக்கு வந்ததும் ஜன்னத் பொரிந்தாள்.

“இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னம்மா? மாமி முகத்தை இனிமே நான் எப்படிப் பார்ப்பேன்?”

அம்மா உலையில் அரிசியைப் போட்டாள்.

“மதினி சொன்னது உண்மைதாண்டி. ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் லியாகத். கப்பல் கரை சேர்ற வரைக்கும் அப்படித்தான்.”

“மாமி மடியிலயா?”

“என் மடியில. வத்திப்போனது அவளுக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதா.”