மேலாளரின் கை

பணிவே தலைமையின் மணிமகுடம். மேலாளர் மைக் முன் நின்று இப்படி முழங்கும்போது, மாடி அறைக்கு ஏற்றப்படும் அவருடைய புது இரும்பு அலமாரி அவர் தலைக்கு நேர் மேலே கிரேன் கம்பியில் தொங்குகிறது. கிரேன் ஓட்டுபவர் உயரக் கூண்டில் நெம்புகோலைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். "சார், கீழ கூட்டம் வேணாமே" என்று காலையில் அவர் சொன்னதற்கு, நூறு பேர் முன்னால் கிடைத்த பதில் இன்னும் காதில் சுடுகிறது: "வாய மூடுய்யா. என் கையப் பாத்து வேலை செய்." இப்போது மேலாளரின் கையைத்தான் பார்க்கிறார். "கீழே இருப்பவர்களை மதிக்க வேண்டும்!" மேலாளரின் கை ஓங்கி இறங்குகிறது, அலமாரியும் ஒரு சாண் இறங்குகிறது. "மதிக்க வேண்டும்!" இன்னொரு சாண். கம்பி முனகுகிறது. நண்பகல் வெயிலில் அலமாரியின் நிழல் அவருடைய உரைத்தாளின்மேல் கறுத்துக்கொண்டே வருகிறது. முன்வரிசையில் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. காலையில் திறந்தவர் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியும். கை மறுபடியும் இறங்குகிறது. எழுத்து தெரியாமல் போகவே மேலாளர் நிமிர்கிறார். "அண்ணே," என்கிறார், மைக்கிலேயே, "நிறுத்துங்கண்ணே." அலமாரி அவர் தலைக்கு ஒரு முழம் மேலே நின்று ஆடுகிறது. மேலாளரின் கால்சட்டை நனைந்திருக்கிறது.