ஆளுக்கு இரண்டு நானோசெகண்ட்

"லைட் எரியுது மேடம். ஆனா ஒரு டேட்டா பாக்கெட்கூட உருப்படியா வந்து சேரல. கன்ட்ரோலர்ல என்ன கோளாறுன்னு அவங்களைக் கேளுங்க" என்றார் போர்டை வடிவமைத்த இன்ஜினியர்.

"கன்ட்ரோலர் கல்லு மாதிரி இருக்கு. டிரான்சீவர் சிப்பை அவரைப் பார்க்கச் சொல்லுங்க மேடம்" என்றாள் புரோகிராமர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

இரண்டு மேசைக்கும் நடுவில் நான்கே அடி. அதற்குத் தூது போக ஒரு டீம் லீடர்! திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தவளுக்கு மூன்றே நாளில் தலை கிறுகிறுத்தது.

"இதோ பாருங்க, நாலு மணிக்குள்ள போர்டு ஓடணும். இல்லேன்னா உங்கள்ல ஒருத்தரை வேற ஊர் ஆபீசுக்கு மாத்தச் சொல்லி மெயில் அடிச்சு வச்சிருக்கேன்."

இருவர் முகமும் ஒருசேர வாடிப்போனது. எலியும் பூனையுமாக இருப்பவர்களுக்குப் பிரிவதில் என்ன வருத்தம் என்று லீடருக்கு விளங்கவில்லை.

மதியம் இன்ஜினியர் தன் டப்பாவிலிருந்து லீடருக்கும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தார். வாயில் வைக்க முடியவில்லை, அப்படி ஒரு உப்பு. "அளவாத்தானே போட்டேன்!" என்று விழித்தார் அவர். புரோகிராமர் தூர மூலையில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு, இரண்டாவது பாட்டில் தண்ணீரைக் காலி செய்துகொண்டிருந்தாள்.

மூன்றரை மணிக்கு லீடர் இருவரையும் எதிரில் உட்கார வைத்தாள். "கடைசியா ஆளுக்கு என்ன மாத்தினீங்க?"

"கன்ட்ரோலர், டேட்டாவையும், அதை எப்போ படிக்கணும்னு சொல்ற கிளாக்கையும் ஒரே நேரத்துல அனுப்புது மேடம். கிளாக்கை ரெண்டு நானோசெகண்ட் தாமதப்படுத்தினாத்தான் டிரான்சீவரால படிக்க முடியும். அவங்க எங்க செய்யப்போறாங்கன்னு, நானே ஒரு ரெசிஸ்டரை மாத்தி டிரான்சீவர்ல தாமதம் வச்சுட்டேன்."

புரோகிராமர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவர் எங்க இறங்கி வரப்போறார்னு நானும் கன்ட்ரோலர்ல ரெண்டு வச்சுட்டேன் மேடம்."

லீடருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டும் இரண்டும் நான்கு. கிளாக் ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் டேட்டா மாறிவிடுகிறது! புரோகிராமில் ஒரே ஒரு வரியை நீக்கச் சொன்னாள். பாக்கெட்டுகள் மடமடவென்று வந்து கொட்டின.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா போன வாரமே முடிஞ்சிருக்கும். பேசிக்காத ஆளுங்களை வச்சு நான் எப்படி வேலை வாங்குறது? மெயிலை அனுப்பத்தான் போறேன்" என்று லீடர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

புரோகிராமர் பதறி எழுந்தாள். ஒரு வாரத்துக்குப் பின் முதல் முறையாக இன்ஜினியரிடம் நேராகவே பேசினாள்.

"ஏங்க, அப்போ காலையில நான் அடுப்புல வச்சிருந்த உருளைக்கிழங்குக்கு நீங்களும் உப்பு போட்டீங்களா?"

லீடர் மெயிலை அழித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.