முதல் வாட்டர் சர்வீஸ்

"வண்டி வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகலை சார். அதுக்குள்ள இன்ஜின் போச்சுன்னா, நீங்க வித்தது வண்டியா, பொம்மையா?"

ஆரோக்கியநாதன் போட்ட சத்தத்தில், வண்டி பார்க்க வந்திருந்த இரண்டு பேர் நைசாக ஷோரூமைவிட்டு நழுவினார்கள்.

அவன் அம்மா சவரியம்மா ஓரத்து நாற்காலியில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மத்திகிரியிலிருந்து அவளை டவுன் பஸ்ஸில் கூட்டி வந்தவனே அவன்தான்.

"நீ ஒண்ணும் பேச வேணாம்மா. சும்மா உட்காரு போதும். வயசானவங்களைப் பார்த்தா, வாரண்டி குடுக்க மனசு இரங்கும்" என்று பஸ்ஸிலேயே சொல்லி வைத்திருந்தான்.

பதிவு பண்ணி ஏழு மாதம் காத்திருந்து வாங்கிய பைக். அதில்தான் சிப்காட்டுக்கு ஷிப்ட் போய்வந்தான். "வீட்டுல கிளம்பினா பத்தே நிமிஷத்துல கம்பெனி கேட்ல இருப்பேன்" என்று பெருமை வேறு.

சர்வீஸ் பொறுப்பாளர் எல்லப்பன் ஒரு கண்ணாடி டம்ளரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பால் தூக்கலான காபி மாதிரி ஏதோ இருந்தது.

"எனக்குக் காபியெல்லாம் வேணாம் சார். நியாயம்தான் வேணும்."

"இது உங்க இன்ஜின் ஆயில் சார். தேன் மாதிரி இருக்கணும். உள்ள தண்ணி போயிருக்கு. தண்ணி போன இன்ஜினுக்குக் கம்பெனி வாரண்டி குடுக்காது. புத்தகத்துலயே போட்டிருக்கு."

சவரியம்மாவின் கையில் ஜெபமாலை நின்றது.

"தண்ணி எப்படி சார் போகும்? நான் என்ன வண்டியை ஏரியில இறக்கிக் குளிப்பாட்டினேனா? வெள்ளிக்கிழமை முதல் சர்வீஸுக்கு இங்க விட்டேன். உங்க ஆளுதான் பின்னால ஷெட்டுல ஹோஸ் பைப்பைப் பிடிச்சு அடிச்சான். திங்கக்கிழமை காலையில வண்டி நடுரோட்டுல நின்னுடுச்சு. வேற யார் வந்து தண்ணி ஊத்துவா?"

கேட்பவர்களுக்கு நியாயமாகத்தான் பட்டது. எல்லப்பன் ஷெட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

கரியப்பன் வந்து நின்றான். முழங்கால்வரை சுருட்டிவிட்ட பேண்ட், கையெல்லாம் சோப்பு நுரை.

"இவனேதான். கழுவுற வேலையை விட்டுட்டு அன்னிக்கு எனக்குப் புத்தி சொன்னான். 'சார், புது இன்ஜின், மெதுவாப் போங்க, நம்ம ஹைவே மோசம்'னு. வாய் செய்யுற வேலையைக் கை செய்யலை."

எல்லப்பனுக்குத் திட்டுவதென்றால் தெலுங்குதான் சரளம். தெலுங்கில் நாலு கேள்வி கேட்டார். கரியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொன்னான்.

"என் கையாலதான் போயிருக்கும் சார்."

பார்த்தாயா என்பதுபோல ஆரோக்கியநாதன் அம்மா பக்கம் திரும்பினான்.

"ரிப்பேர் எங்க பொறுப்பு சார்," என்றார் எல்லப்பன். "கரியப்பா, நாளையிலேருந்து நீ வர வேணாம்."

கரியப்பன் கை நுரையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு திரும்பினான்.

"இருப்பா," என்றாள் சவரியம்மா. எழுந்து நின்றாள். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"ம்மா, உன்னைப் பேச வேணாம்னு சொன்னேன்ல."

"பேசாம இருந்தா பாவம்டா. தண்ணி ஊத்தினது நான்."

எல்லப்பன் பேனாவைக் கீழே வைத்தார்.

"வண்டி வாங்கினப்போ சர்ச் சாமியார் அதை மந்திரிச்சுத் தீர்த்தம் தெளிச்சுக் குடுத்தாரு. இங்க சோப்புப் போட்டுக் கழுவி அனுப்பிட்டாங்க. மந்திரிச்சதெல்லாம் போச்சேன்னு எனக்கு மனசு கேக்கலை. மேல தெளிச்சா அடுத்த தடவையும் கழுவிடுவாங்க. அதான் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ கறிச்சோறு தின்னுட்டுப் படுத்திருந்தப்போ, இன்ஜின்ல இருக்கற அந்தக் கறுப்பு மூடியைத் திறந்து வேளாங்கண்ணித் தீர்த்தம் அரை பாட்டில் ஊத்தினேன். உள்ள போனா யாரும் கழுவ முடியாது பாரு."

ஆரோக்கியநாதன் முகம் டம்ளரில் இருந்த ஆயிலைவிட வெளுத்துப் போனது.

எல்லப்பன் வாரண்டிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.

"இதுல தீர்த்தத்துக்குன்னு தனியா ஒண்ணும் போடலைம்மா," என்றார். சிரிப்பை அடக்குவது தெரிந்தது. "சாமான் செலவு உங்களுது. கூலி வேணாம். கரியப்பா, போய் வேலையைப் பாரு."

மகன், எல்லப்பன் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். சவரியம்மா மெல்லப் பின்பக்கத்து ஷெட்டுக்குப் போனாள்.

"ஏப்பா, செய்யாத தப்பை எதுக்குப்பா ஒத்துக்கிட்டே? நான் வாயை மூடிட்டு இருந்திருந்தா, உன் பிழைப்பு போயிருக்குமே."

கரியப்பன் ஹோஸ் பைப்பை நிறுத்தினான். எல்லப்பன் இருக்கிற பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

"செய்யாததை ஒத்துக்கலைம்மா. என் தம்பி புது வண்டியில இந்த ஹைவேல போனவன், திரும்பி வரலை. அதுலேருந்து, இங்க வர்ற புது வண்டிக்கெல்லாம் கழுவி முடிச்சதும் மலைக்கோயில் தீர்த்தம் மூணு சொட்டு விடுவேன். யார்கிட்டயும் சொல்றதில்லை."

"டேங்க் மேலதானே விடுவே? அதுல என்ன ஆகிடும்?"

"மத்த வண்டிக்கெல்லாம் மேலதாம்மா. உங்க பையன் ரொம்ப வேகமாப் போறவரு. அதான் அவருக்கு மட்டும் இன்ஜின் மூடியைத் திறந்து உள்ள விட்டேன்."