தண்ணீர் இல்லை, இரும்பு

"மேடம், மீசை வந்திருக்கார்! மூணாவது வரிசை!"

மேடையேறக் காத்திருந்த ஆராய்ச்சி மாணவி கிசுகிசுத்தாள். மீசை என்பது பட்டப்பெயர். ஓர் அறைக்குள் மீசைதான் முதலில் நுழையும், மனிதர் பின்னால் வருவார்.

"வந்தா வரட்டும். கடிச்சுத் தின்னுடவா போறார்?" என்றார் அவளுடைய பேராசிரியை.

"ஆறு வருஷமா அவரும் இதே என்சைமைத்தானே மேடம் நோண்டிட்டிருந்தார்? நாம முந்திட்டோம். சும்மா விடுவாரா? கேள்வி கேட்டே கிழிச்சுட்டார்னா என் டாக்டர் பட்டம் கோவிந்தா!"

"வாயை மூடிட்டு மேடைக்குப் போ. உன்னைத்தான் கூப்பிடறாங்க."

போனாள். கொதிக்கும் ஊற்றில் குடித்தனம் நடத்தும் ஒரு நுண்ணுயிரைப் பற்றிச் சொன்னாள். கந்தகம்தான் அதற்குச் சாப்பாடு. அதைச் செரிக்க உதவும் என்சைமை, அதாவது நொதியை, அவள் படிகமாக்கி, அதன் உருவத்தைக் கண்டுபிடித்திருந்தாள். திரையில் அந்த நொதி வண்ண நூல்கண்டு போலச் சுழன்றது.

"நடுவுல இருக்கிற இந்தக் குழியில தண்ணீர் இருக்குன்னு எழுதி அனுப்பிட்டேன். ஆய்விதழ் அந்தக் கட்டுரையை யார்கிட்டயோ சரிபார்க்கக் குடுத்தது. பேரைச் சொல்ல மாட்டாங்க. அவர் ஒரே வரி எழுதியிருந்தார். 'அது தண்ணீர் இல்லை, இரும்பு. மறுபடி பாருங்கள்.' பார்த்தேன். இரும்பேதான்! கந்தகத்தைப் பிடிச்சு உடைக்கிற வேலையே அதோடதுதான். அந்த ஒரு வரி இல்லைன்னா இன்னிக்கு நான் இங்க நிக்க முடியாது. முகம் தெரியாத அவருக்கு..." கையெடுத்துக் கும்பிட்டாள்.

கேள்வி நேரம். மீசை எழுந்தார்.

"அந்த இரும்பு கந்தகத்தை எப்படிப் பிடிக்குதுன்னு இன்னொரு தரம் சொல்லுங்கம்மா. எல்லாரும் நல்லாக் கேக்கட்டும்."

அவ்வளவுதான். அவள் சொல்லி முடித்ததும் முதலில் கைதட்டியவரும் அவரே.

தேநீர் இடைவேளையில் பேராசிரியை சிரித்தார். "புலின்னு பயந்தியே, பூனையா உக்காந்துட்டாரே!"

"பாவம் மேடம், அவருக்கு ஒண்ணுமே கிடைக்கலைன்னு பேசிக்கிறாங்க. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்."

பேராசிரியை நகர்ந்ததும், அப்போதுதான் உள்ளே வந்த ஓர் அம்மாள் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரரைப் பாத்தியாம்மா? பெரிய மீசை வச்சிருப்பார்."

"சாரையா கேக்கறீங்க? இப்பதான் வெளியில போனார். எனக்கு இன்னிக்குப் பெரிய உபகாரம் பண்ணினார்மா."

"அவர் குணமே அதுதான்மா. ஆறு வருஷம் லேபே கதின்னு கெடந்தார். போன வருஷம் ஒருநாள், 'கிடைச்சிடுச்சு! இரும்பு, இரும்பு!'ன்னு சின்னப் பிள்ளையாட்டம் குதிச்சுக்கிட்டு வந்தார். எழுதி அனுப்பறதுக்குள்ள, யாரோ எழுதினதைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கட்டுரை வந்துச்சு. ராத்திரியெல்லாம் படிச்சார். 'முதல்ல எழுதினவங்களுக்குத்தான் சொந்தம். ஒரே ஒரு இடத்துலதான் கோட்டை விட்டிருக்காங்க, சொல்லிக் குடுத்துட்டேன்'னார். அதுக்கப்புறம் தன்னோடதைப் பத்தி மூச்சே விடலை. நீயும் இதே படிப்புத்தானே? அது என்ன இரும்புன்னு உனக்காவது தெரியுமாம்மா?"