வெளிச்சத்தில் இல்லாத பெயர்

நாயுடுபுரத்து வீட்டில் ரம்யா, இணையப் பக்கங்களின் பொத்தான்களுக்கும் பெட்டிகளுக்கும் நிறங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அதில் ஓர் அழகு உண்டு. நிறத்துக்குப் பெயர் வைப்பதில்லை. அது செய்யும் வேலைக்குத்தான் பெயர். ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு தோற்றங்கள்; 'எழுத்து' என்ற ஒரே பெயர் வெளிச்சத் தோற்றத்தில் கறுப்பாகவும் இருட்டுத் தோற்றத்தில் வெள்ளையாகவும் வரும். ஒரு தோற்றத்தில் மட்டும் எழுதிய பெயர், மற்றதற்கு மாறியதும் காணாமல் போய்விடும்.

இருட்டுத் தோற்றத்தை எழுதியவன் அவள் கணவன் பழனிக்குமார். போன மழைக்காலத்தில் வெள்ளகவி மலைப்பாதையில் இறங்கியவன் திரும்பவில்லை. அவன் எழுதியதில் 'பின்னால் நிற்பவர்' என்ற பெயருக்கு மட்டும் வெளிச்சத்தில் ஜோடி இல்லை.

திரை இருண்டால் கண்ணாடியாகிவிடும். அதில், ரம்யாவின் நாற்காலிக்குப் பின்னால் அவன் நின்றான். வெளிச்சத்துக்கு மாற்றினால் இல்லை.

"அக்கா, ஜோடியில்லாத பேர வெரசா தூக்கிடுங்க. சாயங்காலம் அனுப்பணும்ல!" ரம்யாவின் வேலையில் உதவப் புதிதாகச் சேர்ந்த சுகன்யா அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

ரம்யா தூக்கவில்லை. அவன் கடைசியாகப் போட்டிருந்த ஸ்வெட்டரின் பச்சையை அந்தப் பெயருக்கு ஜோடியாக வெளிச்சத் தோற்றத்தில் எழுதினாள். திரையை மாற்றினாள். அது வெளுத்தது.

டீயோடு வந்த சுகன்யா கதவருகிலேயே நின்றாள். "யாருக்கா இவங்க? தொப்பலா நனைஞ்சு நிக்கிறாங்க. துண்டு எடுத்தாரவா?"

ரம்யா திரும்பிப் பார்க்கவில்லை. முதலில் அந்தப் பச்சையைச் சேமித்தாள்.