எட்டு, எட்டு, எட்டு

"பூந்தமல்லியில எவனோ ஏமாத்துறான்" என்றாள் கவிப்பிரியா.

பக்கத்து இருக்கை முகமது ஆசிக் எட்டிப் பார்த்தான்.

கம்பெனிக்கு ஆறு ஆலைகள். அங்கே மணிக்கொரு முறை பதியும் விவரமெல்லாம் நடு சர்வருக்கு வந்து, பிறகு அம்பத்தூர் அலுவலகத் திரைக்கு வரும். வழியில் ஏக நெரிசல். சுருக்கி அனுப்பினால் சீக்கிரம் வருமே என்று அந்த வேலையை இவளிடம் கொடுத்திருந்தார்கள். இன்று சோதித்ததில் ஐந்து ஆலைகளின் விவரம் நூறு பங்கு முப்பதாகச் சுருங்கியது. பூந்தமல்லி பாய்லர் மட்டும் இரண்டாக.

"நல்லதுதானே கவி? பார்ட்டி வை."

"ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தாத்தான் இப்படிச் சுருங்கும். இதைப் பாரு."

பாய்லர் அழுத்தம்: எட்டு. எட்டு. எட்டு. மூன்று மாதமாக, மணிக்கு மணி, எட்டு.

"எழுந்து போய்ப் பார்க்காமலே எழுதுறான்" என்றான் ஆசிக். பிறகு மெதுவாக, "வெடிச்சா?"

அந்த பாய்லருக்கு அடுத்த சுவரை ஒட்டித்தான் பேக்கிங் பிரிவு. அவள் கணவன் திருமுருகனுக்கு இந்த வாரம் பகல் ஷிப்ட். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.

பாய்லர் அறை போன் எண்ணைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டாள்.

"மதுரைவீரன் பேசறேன்." பின்னால் ஒரே இரைச்சல்.

"ஹெட் ஆபீஸ்லேர்ந்து பேசறேன். மூணு மாசமா எட்டுன்னே வருதே, நீங்க..."

"அப்பாடா. இப்பனாச்சும் பாத்தீங்களேம்மா." அவர் குரல் தழுதழுத்தது. "மீட்டர் முள்ளு எட்டுலயே மாட்டிகினு கீது. ஆவிய வெளிய உடற வால்வும் துரு புடிச்சி இறுகிப் போச்சு. சத்தத்த வச்சித்தான் ஓட்டிகினு கீறேன். பயமா கீதும்மா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"மேனேஜராண்ட சொன்னேன். வாயால சொன்னா ஆவாது, கம்ப்யூட்டர்ல குறிப்புல எழுது, மேல பாத்துப்பாங்கன்ட்டாரு. மணிக்கொரு தபா எழுதிகினுதான் கீறேன்."

கவிப்பிரியா எழுந்து நின்றாள்.

"பாய்லரை இப்பவே அணைங்க. எல்லாரையும் வெளிய அனுப்புங்க. கேட்டா, கவிப்பிரியா சொன்னான்னு சொல்லுங்க."

"சரிம்மா. ஒரு ஆளாச்சும் நான் எழுதினத படிச்சீங்களே. நீங்க நல்லாருக்கணும்."

எதிர்முனையில் இரைச்சல் மெல்ல அடங்கியது.

"அப்படி என்னதான் எழுதியிருக்கார்? காட்டு கவி" என்றான் ஆசிக்.

காட்ட ஒன்றும் இல்லை. யாரும் படிக்காத வெறும் சுமை என்று, நாலு மாதம் முன்பு இந்த வேலையைத் தொடங்கிய அன்றே குறிப்புப் பகுதியை வழியிலேயே உதிர்ந்துபோகச் செய்தவள் அவள்தான்.